பழைய பிக்கப்பை உயர்த்தக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

டெக்சாசில் ஹூஸ்டன் பக்கம் பழைய பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். குறைந்த செலவில் வண்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தித் தருவதாகச் சொன்ன ஒரு கடை, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பில்லில் எழுதியதில் பாதி வேலையைக்கூடச் செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்த வண்டியில் என் மனைவியும் பிள்ளைகளும் மணிக்கு 75 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்தக் கடையிலும் இதைச் செய்யலாம் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500. ஃபோர் வீல் டிரைவ், 5.3 லிட்டர் வி8. எங்கள் வீட்டுக்குப் போகும் பாதை கடைசி அரை மைல் மண் ரோடு. நம்மூர்க் கரிசல் மாதிரியே கோடையில் வெடித்து, மழையில் குழைந்துவிடும் கறுப்புக் களிமண். தடம் ஆழமாக விழுந்துவிட்டால் முன்பம்பரின் அடி உரசும். அதற்காகத்தான் உயர்த்த நினைத்தேன். பார்க்க மிரட்டலாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை, ஆறு அங்குலமும் தேவையில்லை.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்று புரியும்.

1999 முதல் 2006 வரை வந்த இந்தத் தலைமுறை சில்வராடோ 1500-இல், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) கிடையாது, டார்ஷன் பார்தான். ஃபிரேமை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஒட்டி நீளவாக்கில் ஓடும் எஃகுக் கம்பி அது. முன்முனை, சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மில் மாட்டியிருக்கும். பின்முனை 'கீ' என்று சொல்லும் ஒரு கனமான இரும்புத் துண்டுக்குள் போகும். அந்தக் கீயை ஒரு போல்ட் அழுத்திப் பிடித்திருக்கும். போல்ட்டை இறுக்கினால் கம்பி முறுக்கேறி வண்டியின் முன்பக்கம் உயரும். டூ வீல் டிரைவ் வண்டியில் காயில் ஸ்பிரிங் என்பதால் அதற்கு ஸ்பேசர் (இடைக்கட்டை) வைப்பார்கள். ஒன்றுக்கு உள்ள சாமான் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கிட் (உயர்த்தும் சாமான் தொகுப்பு) வாங்குமுன் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கித்தான் இருக்கும், பின்னால் சுமை ஏற்றினால் சமமாகட்டும் என்று. ஆகவே மலிவான வழி, முன்பக்கத்தை மட்டும் உயர்த்திச் சமப்படுத்துவது. துளையின் கோணம் மாற்றிச் செய்த வேறு கீ கிடைக்கிறது. அதைப் போட்டால் அதே போல்ட்டில் கூடுதல் உயரம் கிடைக்கும். பின்பக்கமும் கொஞ்சம் வேண்டுமென்றால் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சுக்கும்) நடுவே பிளாக் (கட்டை) வைக்கலாம், அல்லது பட்டையின் முனையை ஃபிரேமோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடலாம், அல்லது பட்டையில் இன்னொரு தகடு சேர்க்கலாம்.

பாடி லிஃப்ட் என்று ஒன்று உண்டு. ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே கட்டிகள் வைத்து பாடியை மட்டும் தூக்குவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஃபிரேம் இருந்த இடத்திலேயே இருக்கும், அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு நூல்கூட விலகாது. என் மண் பாதைக்கு அதனால் பலனில்லை. நான்கு, ஆறு அங்குல முழுக் கிட்டுகளில் முன் டிஃபரன்ஷியலையே (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டியை) கீழே இறக்கி மாட்டி, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டியரிங் நக்கிளையும் மாற்றுவார்கள். சாமானும் கூலியும் சேர்ந்தால் இருபது வருடத்து வண்டிக்குக் கட்டுபடியாகாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். எத்தனை அங்குலப் பிளாக் வைத்தாலும் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். 245/75ஆர்16 டயரின் உயரம் சுமார் 30.5 அங்குலம், 265/75ஆர்16 சுமார் 31.6 அங்குலம். இந்த மாற்றத்தில் ஆக்சிலுக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். 285/75ஆர்16 போட்டால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அப்போது ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 64-க்கும் மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதையும் சரிசெய்து வாங்க வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்த பில்லில் ஐந்து வரிகள் இருந்தன: முன்பக்கத்துக்குப் புது டார்ஷன் கீ ஒரு ஜோடி, முன் ஷாக்குக்கு (அதிர்வு தாங்கிக்கு) நீட்டிப்பு பிராக்கெட், பின்பக்கம் இரண்டு அங்குலப் பிளாக், ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் புது யூ-போல்ட், நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் நேரைச் சரிசெய்வது). கூலியோடு 1,150 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் 150 குறைக்கிறேன், பில் வேண்டாம் என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் கார்டில்தான் கொடுத்தேன். இன்றைக்கு என் கையில் ஆதாரம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அதனால்தான்.

வண்டி வெளியே வந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. உயர்ந்திருந்தது. யார் நின்று பார்த்தாலும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். இந்த வேலையில் பெரிய ஆபத்தே அதுதான். நின்றபடி பார்த்தால் நல்ல வேலையும் திருட்டு வேலையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட முன்பக்கம் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். "ஏங்க, லேன் மாத்தும்போது பின்னாடி இழுக்கிற மாதிரி இருக்கு, நான் இனிமே இத ஓட்ட மாட்டேன்" என்றாள் மனைவி. கடைக்குப் போன் செய்தால், லிஃப்ட் செய்த வண்டி அப்படித்தான் இருக்கும், போகப்போக செட் ஆகிவிடும் என்றார்கள். முன் டயரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழ என்று போன கை, எதிர்த்திசையில் ரம்பப் பல்லில் பட்டதுபோல் மாட்டியது. சக்கரத்தின் நேர் சரியாக இல்லையென்றால் டயர் இப்படித் தேயும். அலைன்மென்ட் செய்ததாகப் பணம் வாங்கிய வண்டி அது.

அலைன்மென்ட் மட்டுமே செய்யும் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் வண்டியை மேலே ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மிஷினில் மாட்டாமலேயே என்னைக் கூப்பிட்டார். வந்து நீங்களே பாருங்கள் என்றார்.

புதுக் கீ எங்குமே இல்லை. கம்பெனி போட்ட அதே பழைய கீ, இருபது வருடத் துருவோடு அதே இடத்தில் இருந்தது. அதன் போல்ட்டை மட்டும் மரை முடியும்வரை இறுக்கியிருந்தார்கள். துரு படிந்த மரையில் புதிதாக ரென்ச் பட்ட இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. கால் மணி நேர வேலை அது, சாமான் செலவு ஒரு பைசா இல்லை. ஷாக் பிராக்கெட்டும் இல்லை. மேல் கன்ட்ரோல் ஆர்ம் கீழே தொங்கி, தடுப்பு ரப்பரில் போய் உட்கார்ந்திருந்தது. சக்கரம் கீழிறங்க இடமே மிச்சமில்லை. அந்த 'டங்' சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. டார்ஷன் பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், உண்மையில் கம்பியின் விறைப்பு மாறுவதில்லை. சக்கரம் இறங்கும் தூரம் போய்விடுவதால்தான் உதறுகிறது. புதுக் கீ போட்டாலும் அளவு மீறினால் இதே கதைதான். முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டும், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட்டும் கோணம் அதிகமாகிச் சீக்கிரம் போகும்.

பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு அங்குலப் பிளாக் என்று எழுதிவிட்டு, வெவ்வேறு அளவுள்ள இரண்டு சின்னப் பிளாக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பிளாக்கின் ஒரு முகத்தில் முளையும் மறு முகத்தில் குழியும் இருக்கும். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது அந்த முளைதான். இங்கே மேல் பிளாக்கின் முளை கீழ்ப் பிளாக்கின் குழியில் சரியாக உட்காரவில்லை, இடைவெளியில் நகம் நுழைந்தது. யூ-போல்ட்டும் புதிதல்ல, வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றியது. ஒரு பக்கம் நட்டு நாலைந்து மரைக்குமேல் ஏறவில்லை. யூ-போல்ட் ஒருமுறை முழுவிசையில் இறுக்கியதும் நீண்டுவிடும். கழற்றினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். பிளாக்கை அடுக்குவதோ, நல்ல மெக்கானிக் யாருமே செய்யாத வேலை. மனைவி சொன்ன 'பின்னாடி இழுக்குது' என்பது ஆக்சில் அசைந்ததுதான்.

டெக்சாசில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. சில மாவட்டங்களில் புகைச் சோதனை மட்டும் உண்டு. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையாவது வேறொருவர் கண்ணில் வண்டி படும். இனி நாமே பார்த்தால்தான் உண்டு.

ஆகவே உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கீ மாற்றுகிறார்கள் என்றால் பழைய கீ இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே மாற்றுகிற கடைக்காரர் தயங்கவே மாட்டார். கீயைக் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அது இல்லாமல் சாதா கிளாம்ப் போட்டுக் கழற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள், நழுவினால் உயிர்ச்சேதம். அலைன்மென்ட் செய்தால் மிஷின் ஒரு தாள் தரும், முன்பு இருந்த அளவும் பின்பு வைத்த அளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வண்டி லிஃப்டில் இருக்கும்போதே அடியில் போய் நின்று போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் விதி, உள்ளே வரக்கூடாது என்றால், அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். 25 அடி தள்ளிச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கி வைக்கச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்கட்டும்.

நான் அந்த மெக்கானிக்கிடமே எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். புதுக் கீ, ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தி. நீளமான ஷாக். பின்பக்கம் பிளாக்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, புது யூ-போல்ட்டோடு பழைய உயரத்துக்கே. டயர் 265/75ஆர்16. பம்பர் இப்போது உரசுவதில்லை. முதல் கடை சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட இது குறைவு என்பதுதான் மனதை அறுக்கிறது.

பணத்தையும் நான் சும்மா விடவில்லை. டெக்சாசின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டப்படி, வழக்குப் போடுமுன் எதிர்த்தரப்புக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று நிரூபித்தால் நஷ்டத்தில் மூன்று மடங்குவரை கேட்க அதில் இடமுண்டு. பில், கார்டு ரசீது, போட்டோக்கள், இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் வைத்து சர்ட்டிஃபைடு தபாலில் அனுப்பினேன். அதுவரை போனையே எடுக்காத கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். 1,150-ம் கார்டுக்குத் திரும்பி வந்தது. தேய்ந்துபோன டயருக்கும் பழுதான பால் ஜாயின்ட்டுக்கும் தர மறுக்கிறார்கள். அதற்காக, சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில் மனுப் போடப்போகிறேன். 20,000 டாலர் வரையுள்ள வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

ஏற்கெனவே எங்காவது கொடுத்து உயர்த்தியவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அலைன்மென்ட் என்று எழுதியிருந்து மிஷின் தாள் உங்களிடம் இல்லையென்றால், இந்த வாரமே வேறொரு கடையில் வண்டியை மேலே ஏற்றிப் பின் ஆக்சிலையும் யூ-போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்காதீர்கள். பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.