மலையகத்தில் வாடகை வீடு: பல மழைக்காலம் தாண்டிய கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடசாலையிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாடகை வருமானமும் வேண்டும் என்பவருக்கு மலையகத்தில் சரிப்பட்டு வருவது சொந்த வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ்தான். அடுத்தது, தினமும் வேலைக்குப் போய்வரும் பாதையில் உள்ள சிறு வீடு. கடன் எடுத்துத் தூரத்தில் வாங்கும் வீடு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும், பணமும் பெரிதாகத் தராது.

உதாரணத்துக்கு, மாத வாடகை 30,000 ரூபாய் என்று வையுங்கள். ஆண்டுக்கு 360,000. ஆள் மாறும் இடைவெளிக்கு ஒரு மாதமும் திருத்த வேலைக்கு ஒரு மாதமும் கழித்தால் 300,000. வீட்டை 90 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால் அது 3.3 வீதம்தான். வங்கித் தவணையை இந்த வாடகை தாங்காது. இருக்கிற காணியில் 20 இலட்சத்துக்கு அனெக்ஸ் கட்டி 20,000க்கு விட்டால், அதே பத்து மாதக் கணக்கில் 200,000, அதாவது 10 வீதம். இன்னும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கட்டும் சோலை வரி இருக்கிறது. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். வருமான வரிக்குச் சம்பளத்தோடு வாடகையும் சேரும். வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்த வேலைச் செலவுக்கான நிவாரணமாகக் கழிக்க இடமுண்டு, பலர் அதைக் கேட்பதேயில்லை.

காணி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உறுதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது, கம்பனியிடம் இருப்பது குத்தகை உரிமை. தோட்டத்து ஆள் ஒருவர் எழுதித் தரும் கடிதத்தை நம்பிக் கட்டிய வீட்டை நாளைக்கு விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயரில் அரசு வழங்கிய அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பழைய குடியிருப்பாளர் இருக்கும் வீடு மலிவாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குடியிருப்பாளரை எளிதில் வெளியேற்ற விடாத 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் அந்த வீடு வருமானால் அவரை எழுப்புவதற்குள் தலை நரைத்துவிடும்.

இனி தண்ணீர். மலையகத்தில் வாடகை வீட்டின் இலாபமும் நட்டமும் இதில்தான் இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1 லீற்றர். 80 சதுர மீற்றர் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 8,000 லீற்றர். பீலி உடைந்திருந்தால் அத்தனையும் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டின் அடியில் இறங்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் நடந்த மண்சரிவை மறந்தவர்களுக்கு 2025 நவம்பரில் டித்வா புயல் மீண்டும் நினைவூட்டியது. அனெக்ஸ் கட்டுமுன் பிரதேச சபையிலோ நகர சபையிலோ திட்ட அனுமதி எடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். அதைச் சம்பிரதாயம் என்று நினைத்து ஆள் பிடித்து முடிப்பவர்கள் தங்கள் தலைக்கு மேலே உள்ள மேட்டைத்தான் ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று அடி விட்டு, சீமெந்துக் கான் போடுங்கள். மண் தாங்கும் மதிலில் இரண்டு அங்குலக் குழாய்த் துண்டுகளை வடிகாலாக வைத்து, பின்னால் கருங்கல் ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி போடாமல் களிமண்ணைத் தள்ளி மூடினால் துளை அடைபடும், தேங்கிய தண்ணீரே மதிலைத் தள்ளிவிடும். சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மின்கம்பம், புதிதாகக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓதம் ஏறும். அதன் மேல் எந்த விலையுயர்ந்த பெயின்ற் அடித்தாலும் ஒரு மழையோடு உரியும். முதலில் மண்ணை விலக்கி, பிறகு சுவர் காய வேண்டும். அறைக்குள் துணி காயப்போடுவதால்தான் பாதிப் பூஞ்சணம் வருகிறது, ஆகவே பக்கவாட்டில் தகரம் இறக்கிய ஒரு சின்னக் கொடி இடம் கட்டிக் கொடுங்கள். தகரக் கூரையில் ஓட்டை விழுவது தகட்டின் நடுவில் குறைவு, ஆணித் தலையைச் சுற்றியே அதிகம். துருப்பிடித்த ஆணியும் வாஷரும் மாற்றினாலே முக்கால்வாசி ஒழுக்கு நிற்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இந்த வேலையை ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும், தென்மேற்கு மழை மே மாதம் வந்துவிடும். பதுளை, பண்டாரவளையில் செப்டெம்பர் வரை நேரம் உண்டு. அங்கே ஜூலை, ஓகஸ்டில் ஊற்று வற்றும் என்பதால் 1,000 லீற்றர் தாங்கி ஒன்று போதாது, ஒரு குடும்பத்துக்கு இரண்டு வையுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி மீற்றர் எடுங்கள். அலகு ஏற ஏற ஒவ்வொரு அலகின் விலையும் ஏறும் முறை என்பதால், தலா 80 அலகு எரிக்கும் இரண்டு வீடு ஒரே மீற்றரில் 160 அலகாகி மேல் படிக்குப் போய்விடும். யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்ட ஓராண்டு ஒப்பந்தம் வழக்கு மன்றத்தில் குத்தகையாக நிற்காது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் காலத்தில் அங்கே பல காலம் குடியிருந்ததாகக் காட்டச் சிலர் பழைய திகதியிட்டு உடன்படிக்கை கேட்பார்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

நேரம் மிச்சமாவது சட்டத்தால் அல்ல, முன்கூட்டிய பேச்சால். தண்ணீர் நின்றது, கரண்ட் போனது, கூரை ஒழுகுகிறது, மலசலகூடம் அடைத்தது ஆகிய நான்குக்கு மட்டும் உடனே அழைக்கலாம்; மற்றவை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. 3,000 ரூபாய்க்குள் உள்ள திருத்தத்தை அவரே செய்து, பற்றுச்சீட்டு வைத்து வாடகையில் கழிக்கட்டும். வாடகைத் திகதியைச் சம்பளம் விழும் நாளுக்கு அடுத்த வாரமாக வைத்தால் நினைவூட்டல் அழைப்பே தேவைப்படாது. ஒரு பைப் பாஸும் ஒரு வயரிங் பாஸும் உங்கள் பெயரைக் கேட்டதும் வர வேண்டும் என்றால், வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லவிலும் நுவரெலியாவிலும் சுற்றுலாப் பயணிக்கு நாள் கணக்கில் விடலாமே என்பார்கள். ஏப்ரல் சீசனில் பணம் வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஆள் மாற்றத்துக்கும் விரிப்புத் துவைக்க வேண்டும், மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது, இரவு பதினொரு மணிக்குச் சாவி கேட்டு அழைப்பு வரும். முழு நேரம் வீட்டில் இருக்கும் ஒருவர் இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக விரிவுரையாளர், வைத்தியசாலைத் தாதி, இடமாற்றத்தில் வந்த ஆசிரியர் என்று மாதக் கணக்கில் வீடு தேடுவோர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வரும் நாளிலும் போகும் நாளிலும் மின் மீற்றர், தண்ணீர் மீற்றர், ஒவ்வொரு சுவர் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து படமெடுத்து வைத்துக்கொண்டால் முற்பணத்தில் எதைக் கழிப்பது என்பது பத்து நிமிடப் பேச்சோடு முடியும்.