18 மணி நேரம்னு சொல்லி 31 மணி நேரம் அலைய விட்டாங்க, டிக்கெட் போடுறவங்க பாத்துக்கோங்க

போன ஜனவரில அம்மாவ கூட்டிட்டு சிங்கப்பூர் சாங்கில இருந்து நியூயார்க் ஜேஎஃப்கே போனேன். டிக்கெட் ஒரு ஏஜென்ட் மூலமா போட்டது. லண்டன் ஹீத்ரோல ஒரு ஸ்டாப், மொத்தப் பயண நேரம் 18 மணின்னு வாட்ஸ்அப்லயே எழுதி அனுப்பினாங்க. நானும் வெறும் வாய் வார்த்தைய நம்பல, ஆன்லைன்ல தூரம் கணக்குப் போடுற கால்குலேட்டர்ல ரெண்டு ஏர்போர்ட்டையும் போட்டுப் பாத்தேன், சுமார் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்குக் கிட்டன்னு காட்டுச்சு, சரி ரெண்டும் ஒத்துப்போகுதேன்னு பணத்தக் கட்டிட்டேன்.

அங்கதான் ஏமாந்தேன். அந்தக் கால்குலேட்டர் காட்டுறது உருண்டையான பூமி மேல ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற குறைஞ்சபட்ச தூரம், அத விமானத்தோட சராசரி வேகத்தால வகுத்தா வர்ற நேரம், அவ்வளவுதான். எங்கயும் நிக்காம நேரா போற ஃப்ளைட்டுக்குத்தான் அது ஓரளவு பொருந்தும். லண்டன் வழியா போனா 10,900, அப்புறம் 5,500, மொத்தம் 16,400 கிலோமீட்டர். தூரம் என்னவோ ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுது, ஆனா நேரம்?

சாங்கில திங்கக்கிழமை ராத்திரி 11:30க்கு ஏறினோம். 14 மணி நேரம் பறந்து லண்டன்ல இறங்கும்போது அங்க விடிகாலை 5:30. அடுத்த ஃப்ளைட் மதியம் 2:30க்கு, அதாவது 9 மணி நேரம் நாற்காலியிலயே. அதுக்கப்புறம் 8 மணி நேரம், மேற்க போகும்போது எதிர்காத்து, அதனால திரும்பி வர்றத விட கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடவே ஆகும். நியூயார்க்ல இறங்கினப்ப செவ்வாய் சாயங்காலம் 5:30. ராத்திரி 11:30ல இருந்து மறுநாள் சாயங்காலம் 5:30 வரைக்கும் எண்ணிப் பாருங்க, 18! அந்த ஏஜென்ட் டிக்கெட்ல இருக்குற ரெண்டு லோக்கல் டைமையும் அப்படியே கழிச்சு எழுதியிருக்காங்க. ஜனவரில சிங்கப்பூர் நியூயார்க்க விட 13 மணி நேரம் முன்னாடி ஓடுது, அதச் சேர்த்தா 31.

தெரியாம நடந்த தப்புன்னு என்னால நினைக்க முடியல, தினமும் டிக்கெட் போடுறவங்களுக்கு இது தெரியாதா? ஃபோன் பண்ணிக் கேட்டா, டிக்கெட்ல டைம் கரெக்டாதானே இருக்கு, நீங்க பாத்திருக்கணும்னு சொல்லிட்டாங்க. வாட்ஸ்அப் மெசேஜ காமிச்சேன், பதிலே இல்ல.

அம்மாவோட பிரஷர் மாத்திரைய 18 மணி நேரத்துக்கு மட்டும் எண்ணி கைப்பைல வச்சிருந்தேன், மிச்சமெல்லாம் செக்இன் பெட்டில, அது லண்டன்ல நம்ம கைக்கே வராது, நேரா நியூயார்க் போயிடும். ஒரு வேளை மாத்திரை இல்லாமலே அவங்க உட்கார்ந்திருந்தத நினைச்சா இன்னும் பதறுது.

தயவுசெஞ்சு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கிளம்புற நேரம், சேர்ற நேரம் ரெண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகம் முழுக்கப் பொதுவா வச்சிருக்குற நேரத்துக்கு, மாத்திக் கழிச்சுப் பாருங்க. சிங்கப்பூர் ராத்திரி 11:30ங்கிறது யுடிசில அன்னைக்கு மதியம் 3:30, நியூயார்க் சாயங்காலம் 5:30ங்கிறது குளிர்காலத்துல யுடிசில ராத்திரி 10:30. ரெண்டு நிமிஷ வேலை. இன்னொண்ணு, 'டைரக்ட்'னு சொன்னா நிக்காம போகும்னு அர்த்தம் இல்ல, ஒரே ஃப்ளைட் நம்பர்ல நடுவுல இறங்கி ஏறினாலும் டைரக்ட்தான், 'நான்ஸ்டாப்'பான்னு கேளுங்க. எத்தன மணி நேரம் பறக்குது, எத்தன மணி நேரம் காத்திருக்கணும்னு தனித்தனியா எழுதி வாங்குங்க.

அம்மாவுக்கு கால் வீக்கம் வடியவே நாலு நாள் ஆச்சு.