வெப்சைட் படத்துக்கு ‘எஃபெக்ட் லைசென்ஸ்’ என்று வருஷாவருஷம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கடையோ ஹோம்ஸ்டேயோ வைத்து, அதற்கு வெப்சைட்டும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எங்களுக்குத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் வியாபாரம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் ஊற்றி, ஒவ்வொன்றாகக் கையால் செய்கிற கல். சில டிசைன்களில் தனிக் கல்லைப் பார்த்தால் கால் பூதான் தெரியும். நாலு கல் சேர்ந்தால்தான் பூ முழுசாகும். அதனால் சைட்டில் ஒரு கல்லைத் தொட்டால் அது முழுத் தரையாக விரிய வேண்டும் என்று கேட்டோம். 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்து கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது.

வருஷம் முடிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, எஃபெக்ட் லைசென்ஸ் முடியுது. 9,000 போட்டுவிடுங்க.” வேலை பேசும்போது சொல்லாத காசு. தர மாட்டோம் என்றோம். மறுநாள் சைட்டில் ஒரு கல்கூட இல்லை, வெறும் வெள்ளைக் கட்டங்கள். சென்னையில் வீடு கட்டும் வாடிக்கையாளர் ஒருவர், “கடையை மூடிட்டீங்களா?” என்று கேட்டபோது வயிறு எரிந்தது.

தங்கச்சி மகள் சைட்டின் கோடிங்கைத் திறந்து பார்த்தாள். படங்கள் எங்கள் ஹோஸ்டிங்கில் (சைட் ஃபைல்கள் இருக்கும் இடத்தில்) பத்திரமாக இருந்தன. ஆனால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் எல்லாப் படத்துக்கும் ‘ஒபாசிட்டி 0’ என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டால் படம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் புரோகிராம்) மட்டும் சைட் செய்தவருடைய சர்வரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே செய்த வேலை இது.

அவர் பயன்படுத்தியது ஜேகுவெரி (jQuery) என்ற ரெடிமேட் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். படம் பெரிதாக, மங்கலாக, கலர் மாற, சிஎஸ்எஸ்ஸில் ஹோவர் (மவுஸ் மேலே வரும்போது), டிரான்சிஷன், டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் என்று சில வரிகள் போதும். பார்க்கிறவர் பிரௌசரிலேயே அது ஓடிவிடும், வாடகைக்கே இடமில்லை. போனில் மவுஸ் கிடையாது என்பதால், தொட்டால் விரிவதற்குத் தனியாகக் கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கலாம். அவ்வளவுதான்.

காசைவிட எனக்குப் பயம் வேறு. வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்டால் பக்கத்தில் யார் என்ன டைப் செய்தாலும் படிக்க முடியும். எங்கள் விசாரணைப் படிவத்தில் ஜனங்கள் போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் போடுகிறார்கள்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் பிரௌசரில் பேஜ் சோர்ஸை (பக்கத்தின் கோடிங்கை) திறந்து, ஸ்கிரிப்ட் வரிகளில் உங்கள் டொமைன் (சைட்டின் பெயர்) அல்லாத முகவரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஃபைலை உங்கள் ஹோஸ்டிங்குக்கு மாற்றச் சொல்லுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்களுடையது அப்பா பெயரில் இருந்ததால் சைட்டாவது மிஞ்சியது.

தங்கச்சி மகள் எழுதிய கோடிங் வேண்டுமென்றால் மெசேஜ் போடுங்கள், அப்படியே தருகிறேன்.