காரைக்குடியில் ஒரு பேட்ச் டெஸ்ட்: நான்கு நாள், மூன்று நடை

காதின் பின்புறமும் கழுத்தும் ஓராண்டாக அரித்துத் தடித்துக்கொண்டிருந்ததால், ஜவ்வாதா, முகப் பவுடரா, தலைச்சாயமா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துச் சலித்த பிறகு, காரைக்குடியில் உள்ள ஒரு தனியார் தோல் மருத்துவமனையில், எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் செய்துகொண்டேன். தேதி கொடுப்பதற்கு முன்பே, ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா, முதுகில் களிம்பு தடவுகிறேனா என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். இவை முடிவை மறைத்துவிடக்கூடியவை என்பதால் அந்த விசாரணை எனக்கு நம்பிக்கை தந்தது.

திங்கட்கிழமை காலை, வாசலினில் கலந்த பொருள்களைச் சிறு அலுமினியக் கிண்ணங்களில் இட்டு, மேல்முதுகில் பிளாஸ்திரியால் வரிசையாக ஒட்டி, இடங்களைப் பேனாவால் குறித்தார்கள். ஊசியோ வலியோ இல்லை. 48 மணி நேரம் கழித்துப் புதன்கிழமை பிரித்தபோது, வாசனைக் கலவை இருந்த இடத்தில் இலேசான சிவப்பு மட்டுமே தெரிந்தது. வெள்ளிக்கிழமை அதே இடம் தடித்துச் சிறு கொப்புளங்களோடு இருந்ததைப் பார்த்து மருத்துவர், ஒவ்வாமை வலுவாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக, இரண்டு கூட்டல் குறி இட்டார். இவ்வகை ஒவ்வாமை உடனே எழாமல் நாள் கடந்து எழுவதால், புதனோடு முடித்து அனுப்பிவிடும் இடத்தில் செய்திருந்தால் எனக்கு விடை கிடைத்திருக்காது. இவ்விடத்தை நான் பரிந்துரைப்பது அந்த மூன்றாவது நடைக்காகத்தான்.

அந்தக் கலவை எட்டுப் பொருள்களின் கூட்டு. கிராம்பு மணத்தின் யூஜெனாலும் பட்டை மணத்தின் சின்னமாலும் அதில் உண்டு. நம் கல்பாசியைப் போலவே லைக்கன் இனத்தைச் சேர்ந்த ஓக் பாசியின் சாறும் உண்டு. செட்டிநாட்டு மசாலாவையே முதுகில் ஒட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டை இப்போது மாற்ற வேண்டாம், தோலில் படும் வாசனைகளை முதலில் நிறுத்துங்கள் என்றார் மருத்துவர். எட்டில் எது என்று தனித்தனியே சோதிக்கும் வசதி அங்கே இல்லை.

குறைகளும் உண்டு. வெள்ளி வரை முதுகை நனைக்கக் கூடாது என்பதைப் பிளாஸ்திரி ஒட்டிய பிறகே சொன்னார்கள். சித்திரை வெயிலில் வியர்த்து ஒரு முனை கழன்றுவிட, வீட்டில் ஆச்சிதான் வேறு பிளாஸ்திரி போட்டு அழுத்தினார். மார்கழி, தையில் செய்துகொள்வது உத்தமம். அறிவுரைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ‘அன்சென்டட்’ (மணமற்றது) என்று அச்சிட்ட சோப்பிலும் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம், ‘பிராக்ரன்ஸ் ஃப்ரீ’ (வாசனைப் பொருள் சேர்க்காதது) என்று இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற முக்கியமான செய்தி அதில் இல்லை. நானாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள். மூன்று நடைக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கியது நியாயமாகவே இருந்தது.

வாசனை ஒவ்வாமையைச் சோதிக்கும் இடத்தின் வரவேற்பறையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. புதன்கிழமை அதைப் பணிவாகச் சுட்டிக்காட்டினேன். வெள்ளிக்கிழமை போனபோது, நாள் விசேஷம் போலிருக்கிறது, இரண்டு புகைந்தன.