மத்ரியோஷ்கா வாங்குவதென்றால் எந்த ஊர்ப் பொம்மை?

மாஸ்கோவின் இஸ்மாய்லவோ சந்தையில் மத்ரியோஷ்காக்களை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் அந்த மரப் பொம்மைகளைப் பார்க்கும் நமக்கு எல்லாம் ஒரே சரக்காகத்தான் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் முகம், வண்ணம், உடல்வாகு எல்லாமே வேறு.

கடைக்காரர்கள் “தொன்றுதொட்டு வரும் கலை” என்று சொன்னால் கொஞ்சம் குறைத்தே கேளுங்கள். முதல் மத்ரியோஷ்கா 1890களில்தான் மாஸ்கோவில் ஒரு பட்டறையில் உருவானது. வசீலி ஸ்வியோஸ்தச்கின் கடைந்து கொடுக்க, ஓவியர் செர்கேய் மல்யூத்தின் வண்ணம் தீட்டினார். மொத்தம் 8 பொம்மைகள். வெளியே கறுப்புச் சேவலைப் பிடித்த பெண், உள்ளே கடைசியாகத் துணியில் சுற்றிய குழந்தை. 1900 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் கிடைத்ததும் வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கின.

பிறகு இந்த வேலை செர்கியேவ் போசாதுக்கு நகர்ந்தது. மாஸ்கோவிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கும் மடாலய ஊர் அது. பொம்மைத் தொழிலும், கிறிஸ்தவப் புனிதர்களை வரையும் திருவுருவ ஓவியமும் அங்கே ஏற்கெனவே இருந்தன. அதனால் இவ்வூர் மத்ரியோஷ்கா குட்டையாக, திடமாக இருக்கும்; முகத்தில் நுணுக்கம் தெரியும். மரமே தெரியாதபடி கௌவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணம் பூசி, வார்னிஷ் அடித்துவிடுவார்கள். சோவியத் காலத்தில் ஊரின் பெயர் ஸாகோர்ஸ்க். பழைய பொம்மையின் அடியில் அந்தப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அது 1991க்கு முந்தைய சரக்கு.

நிஷ்னி நோவ்கரத் பக்கத்துச் செம்யோனவ் பொம்மை இதற்கு நேர் எதிர். மேலே ஒல்லியாகத் தொடங்கி அடியில் அகலும். முகத்தில் பெரிய வேலை இருக்காது. வேலையெல்லாம் முன்பக்கத்து ரோஜாக் கொத்தில்தான். ஸ்டார்ச் பசை பூசிய மரத்தின்மேல் கறுப்புக் கோடு இழுத்து, உள்ளே அனிலைன் சாயம் நிரப்புகிறார்கள். சாயம் மெல்லியது என்பதால் அடியிலுள்ள மரத்தின் ரேகை தெரியும். முதுகுப் பக்கம் பெரும்பகுதி வெறும் மரமாகவே விட்டுவிடுவதும் உண்டு. அது சோம்பேறித்தனம் இல்லை, அந்த ஊர்ப் பாணியே அதுதான். இரண்டில் ஒன்று எடு என்றால் நான் செம்யோனவைத்தான் எடுப்பேன். மரப் பொம்மையில் மரம் தெரிய வேண்டாமா?

அதே வட்டாரத்துப் பல்ஹவ்-மைதான் பொம்மைகள் அடர் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். பளிச்சென்று இருப்பது பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எந்த ஊரானாலும் மூடியைச் சோதித்துப் பாருங்கள். மேல் பாதியை மட்டும் பிடித்துத் தூக்கும்போது அடிப்பாதி கழன்று விழக்கூடாது. மெல்லத் திருகினால் ஒரு கிறீச் சத்தத்தோடு திறக்க வேண்டும். மரம் பெரும்பாலும் லிண்டன். ஆண்டுக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் கடைசலுக்குப் போகும். திறக்காத கடைக்குட்டியை முதலில் கடைந்து, அதற்கு ஏற்ற மாதிரி அடுத்தடுத்த கூடுகளைச் செய்துகொண்டு போவார்கள். சரியாக உலராத மரத்தில் செய்தது பிற்பாடு விரிசல் விடும். சென்னை மாதிரி ஈரமான ஊரில் மழைக்காலத்தில் நல்ல பொம்மைகூடக் கொஞ்சம் இறுகும். பலம் போட்டுத் திருகாதீர்கள்.

அப்புறம் தலைவர்கள் பொம்மை. கோர்பச்சேவுக்குள் பிரெஷ்னேவ், அவருக்குள் குருஷ்சேவ், பிறகு ஸ்டாலின், லெனின் என்று 1980களின் கடைசியில் கிளம்பிய வேடிக்கை. கையில் எடுத்துச் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். கைவேலை என்று பார்த்தால் பெரும்பாலும் சுமார்தான்.

குழந்தைக்காக வாங்குவதென்றால் நான் மத்ரியோஷ்காவையே விட்டுவிடுவேன். செர்கியேவ் போசாதுக்குப் பக்கத்திலேயே போகரோத்ஸ்கோயே என்ற ஊர் இருக்கிறது. அங்கே பொம்மையைக் கடைவதில்லை, கத்தியால் செதுக்குகிறார்கள். இரண்டு மரச்சட்டங்களை முன்னும் பின்னும் இழுத்தால் கரடியும் மனிதனும் மாறிமாறிப் பட்டறைக் கல்லில் சுத்தியல் அடிப்பார்கள். இன்னொன்றில், பலகைக்கு அடியில் நூலில் தொங்கும் குண்டைச் சுழற்றினால் கோழிகள் டக் டக்கென்று தீனி கொத்தும். இந்த ஊர்ப் பொம்மைகள் பலவும் வண்ணமே இல்லாத வெறும் மரம். மத்ரியோஷ்காவின் கடைக்குட்டியோ சில செட்டுகளில் அரிசி அளவுக்குக்கூட இருக்கும். எதையும் வாயில் போடும் வயதில் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கோழிகளே சரி.