பிரவுன் பெஸ் முதல் எஸ்ஏ80 வரை: எந்தத் துப்பாக்கி குறி தவறாதது?

பிரிட்டிஷ் காலாட்படை வீரனின் தோளில் அடுத்தடுத்து ஏறிய துப்பாக்கிகளை ஒப்பிட்டால், புதியதே துல்லியமானது என்ற விடை எளிதில் கிடைத்துவிடும். எந்த மாற்றம் அவனுடைய குறியை உண்மையில் திருத்தியது என்பதே சுவையான கேள்வி.

1815 வாட்டர்லூ போர் வரை கோலோச்சிய, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட பிரவுன் பெஸ் மஸ்கட்டின் குழல் விட்டம் 0.75 அங்குலம், குண்டின் விட்டமோ சுமார் 0.69 அங்குலம். இது கவனக்குறைவு அல்ல. கருமருந்தின் கசடு படிந்த குழலிலும் குண்டு தடையின்றி இறங்க வேண்டும், நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டும் என்பதே கணக்கு. அதனால் குண்டு குழலுக்குள் இங்குமங்கும் மோதி, கடைசியாகப் பட்ட பக்கத்துக்கு ஏற்பத் திசை மாறிப் பறந்தது. 80 கெஜத்தில் ஆளை வீழ்த்தலாம், 200 கெஜத்தில் சுடுவதும் நிலவைச் சுடுவதும் ஒன்றுதான் என்று 1814இல் எழுதினார் கர்னல் ஜார்ஜ் ஹாங்கர். ஆனால் அது தனி ஆளுக்கான ஆயுதமே அல்ல. தோளோடு தோள் நிற்கும் வரிசையை நோக்கிச் சுடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அதே காலத்து பேக்கர் ரைஃபிளின் குழலுக்குள், குண்டைச் சுழலவைத்து நேராகப் பறக்கவிடும் சுழல்வரிகள் உண்டு. 200 கெஜத்திலும் குறி விழுந்தது. ஆனால் குண்டை இறுக்கி ஏற்ற நேரம் பிடித்ததால், 95ஆவது ரைஃபிள் படை போன்ற சில பிரிவுகளோடு நின்றுவிட்டது.

இரண்டையும் இணைத்தது 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு: எளிதில் இறங்கி, சுடும்போது விரிந்து வரிகளைப் பற்றும் தோட்டா. 1857 கிளர்ச்சிக்குப் பொறியான கொழுப்புத் தடவிய தோட்டா இதற்கானதுதான். குழல் அருமையானது. இருந்தும் இதைப் பலர் தேவைக்கு மேல் புகழ்கிறார்கள் என்பது என் எண்ணம். தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 275 மீட்டர்தான். பாதை வில்லாக வளையும். 300 கெஜத்துக்குக் குறி அமைத்தால், பாதி வழியில் நிற்பவனின் தலைக்கு மேலே போய்விடும். தூரத்தைத் தவறாகக் கணித்தவனுக்கு நல்ல குழலால் பயனில்லை.

புகையற்ற மருந்தோடு வந்த லீ-என்ஃபீல்டு அதைத் தீர்த்தது. நொடிக்குச் சுமார் 744 மீட்டர் வேகம். அதே 300 கெஜத்தில் தோட்டா ஓரடிகூட மேலெழாது. கணிப்புப் பிழையைத் துப்பாக்கியே மன்னித்தது. என் கணக்கில் மிகப் பெரிய தாவல் இதுதான். ஆனால் தூரத்துக்கு ஏற்பக் குறியை அமைக்கும் அதன் பின்குறியில் 2,000 கெஜம் வரை கோடு போட்டிருந்தது வெறும் ஆசை. ரைஃபிள் பெரும்பாலும் 300 கெஜத்துக்குள்தான் பயன்படுகிறது என்று அமெரிக்க ராணுவத்துக்கான ஹிட்ச்மன் அறிக்கை 1952இல் காட்டியது.

1985இல் வந்த எஸ்ஏ80 ரைஃபிளில் தோட்டா 5.56 மில்லிமீட்டராகச் சிறுத்தது. நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கியே அதன் உண்மையான வலிமை; இலக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தானே சுட முடியும்! துல்லியத்தில் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஆனால் தொடக்கத்தில் அடிக்கடி சிக்கிக்கொண்டதால், 2000க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் துப்பாக்கி நிறுவனத்திடம் கொடுத்துத் திருத்த வேண்டியதாயிற்று.