ஒரே பத்திரிகையா, எல்லாப் பத்திரிகையுமா? மூன்று டிஜிட்டல் சந்தாக்கள்

2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் படிப்பதற்குக் காசு கேட்க ஆரம்பித்தபோது, சாதனத்துக்குச் சாதனம் விலை வைத்தது. நான்கு வாரத்துக்கு இணையதளமும் ஃபோனும் சேர்த்து 15 டாலர், இணையதளமும் டேப்லெட்டும் என்றால் 20, எல்லாம் வேண்டுமென்றால் 35. அதே ஆள் அதே கட்டுரையை எதில் படிக்கிறார் என்பதைப் பொறுத்து விலை மாறியது! அந்த முறை பிறகு போய்விட்டது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே சந்தாவில் எல்லாத் திரையிலும் படிக்கலாம் என்கின்றன. ஆனால் சாதனக் கட்டுப்பாடு முழுக்கப் போய்விடவில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர் முன்னுள்ள மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரியும்: நியூயார்க் டைம்ஸின் நேரடிச் சந்தா, ஆப்பிள் நியூஸ் பிளஸ், பிரஸ்ரீடர்.

ஆப்பிள் நியூஸ் பிளஸ் 2019 மார்ச்சில் மாதம் 9.99 டாலருக்கு வந்தது. 2023இல் அமெரிக்காவில் 12.99 ஆனது. நூற்றுக்கணக்கான இதழ்கள், சில நாளிதழ்கள் எல்லாம் ஒரே செயலியில் கிடைக்கும். குடும்பப் பகிர்வில் ஆறு பேர் வரை ஒரே சந்தாவில் படிக்கலாம். இதழ் வாசகருக்கு இந்த விலை மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கும் விண்டோஸ் கணினிக்கும் இதில் இடமில்லை, சாதாரண பிரௌசரில் திறக்கும் வசதியும் கிடையாது. வீட்டில் ஒருவர் கையில் ஐபோன், இன்னொருவர் கையில் சாம்சங் என்றால் பாதிக் குடும்பம் வெளியே நிற்கும். நாளிதழ்களிலும் எல்லாம் முழுதாக வராது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தேர்ந்தெடுத்த பகுதியோடு சேர்ந்தது. நியூயார்க் டைம்ஸ் இந்தக் கட்டணச் சேவையில் சேரவே இல்லை. 2020 ஜூனில் ஆப்பிள் நியூஸ் செயலியிலிருந்தே முழுதாக விலகிக்கொண்டது. வாசகரோடு தனக்கு நேரடி உறவு இல்லாமல் போகிறது என்பதே அது சொன்ன காரணம். இந்தச் சேவையின் சந்தா வருவாயில் பாதி ஆப்பிளுக்கு என்று 2019இலேயே செய்திகள் வந்தன. செய்தி அறைக்குப் போய்ச் சேரட்டும் என்று காசு கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிரஸ்ரீடர் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த நிறுவனம். உலகெங்கிலும் வரும் 7,000க்கு மேற்பட்ட நாளிதழ்களும் இதழ்களும் அச்சில் வந்த பக்கம் அப்படியே கிடைக்கும். ஐபோன், ஆண்ட்ராய்டு, பிரௌசர் எதிலும் ஓடும். முழு இதழையும் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாத இடத்தில் படிக்கலாம், படித்துக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது பக்க அமைப்புதான். எந்தச் செய்தி முதல் பக்கத்தில், எது ஏழாம் பக்கத்தின் மூலையில் என்று ஆசிரியர் குழு எடுத்த முடிவு கண்ணில் தெரிகிறது. கடைசிப் பக்கம் என்று ஒன்று இருப்பதால் படித்து முடிக்கவும் முடிகிறது. பெரிய டேப்லெட்டில் இது சுகமான வாசிப்பு. ஃபோனில் அப்படி இல்லை. விரலால் பெரிதாக்கி நகர்த்தி அலுத்துப்போகும். தலைப்பைத் தொட்டால் அந்தக் கட்டுரையின் எழுத்து மட்டும் தனியாகத் திறக்கும் என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். இன்னொன்று, காலையில் பார்ப்பது நேற்றிரவு அச்சுக்குப் போன பக்கம். தேர்தல் இரவில் இது உதவாது.

பிரஸ்ரீடரைத் தனியாக வாங்கினால் மாதம் 29.99 டாலர். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். டொராண்டோ பொது நூலகம், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் போன்றவை உறுப்பினர்களுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. சில நூலகங்களில் அவ்வப்போது மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், நேரடிச் சந்தா. நியூயார்க் டைம்ஸ் எந்தச் சாதனத்திலும் திறக்கும், உடனுக்குடன் புதுப்பிக்கப்படும், பழைய ஆவணக் காப்பகமும் சேர்ந்து வரும். சந்தாதாரர் மாதம் 10 கட்டுரைகளைச் சந்தா இல்லாதவர்களுக்கும் அனுப்பலாம். அறிமுகச் சலுகை மிக மலிவாக இருக்கும், காலம் முடிந்ததும் விலை பல மடங்கு ஏறும். கணக்கு மாதத்துக்கு அல்ல, நான்கு வாரத்துக்கு. ஆக, வருஷத்துக்கு 12 அல்ல, 13 முறை காசு போகும்.

ஒரு கட்டுரைக்கு மட்டும் சில்லறை கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நெதர்லாந்தின் பிளெண்டில் (Blendle) என்ற நிறுவனம் 2014இல் அதைத்தான் செய்தது. 2019இல் அதைக் கைவிட்டு அதுவும் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டது.

என் தேர்வு இதுதான்: தினமும் படிக்கும் ஒரு பத்திரிகைக்கு நேரடியாகக் காசு, மற்றதெல்லாம் நூலகத்தின் பிரஸ்ரீடர் வழியாக. வீடு முழுக்க ஆப்பிள் சாதனங்கள், படிப்பதும் பெரும்பாலும் இதழ்கள் என்றால் மட்டும் ஆப்பிள் நியூஸ் பிளஸ். நேரடிச் சந்தாவைப் பத்திரிகையின் இணையதளத்திலேயே எடுங்கள், ஐபோன் செயலிக்குள் வேண்டாம். செயலிக்குள் எடுத்தால் ஆப்பிளுக்கு ஒரு பங்கு போகும். அங்கே ரத்து செய்வது எளிது என்பது உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் 2018 முதல், இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே ரத்து செய்ய வழி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேறு இடத்தில் இருப்பவர்கள் அட்டை எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே ரத்துப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.